வேண்டுமென்றே போட்ட டீசல்

மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து, அதன் வாய்க்கு நேராக மூக்கை வைத்து, கண்ணை மூடி மோந்து பார்த்தார். பிறகு ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நுனியை விரலால் தடவி, விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"டீசல்," என்றார்.

"இது பெட்ரோல் வண்டி," என்றார் புதிர்க்காரர்.

"அதனாலதான் நிக்குது."

வண்டி நின்ற இடம் நிற்பதற்கு ஏற்ற இடமே அல்ல. ரவுண்டானாவைச் சுற்றி முடிக்கும் இடத்தில், முன்பாதி ஒரு சாலையிலும் பின்பாதி இன்னொரு சாலையிலுமாக, யாரும் எந்தப் பக்கமும் போக முடியாதபடி நின்றிருந்தது. உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. வெளியே ஹாரன் சத்தத்துக்கு நடுவே சிலர் புதிர்க்காரருடைய பெற்றோரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

புதிர்க்காரர் ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பவர். மேசைமேல் கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அதனால் அவர் வேலை செய்கிறார் என்பது அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வேலை செய்வதாக ஊருக்கே தெரிந்தவள் அவருடைய மனைவி. வீட்டுக்குப் பின்னால் சலவைக்கூடம் வைத்து, ஆஸ்பத்திரித் துணி அத்தனையையும் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வீட்டில் புதிர்க்காரரைவிட அதற்கு ஒரு படி மரியாதை கூடுதல்.

டிரைவருக்கு வயிற்றுவலி. முந்தின நாள் மனைவியே ஓட்டிச் சமாளித்தாள். இன்று காலையில் அவளாகவே சாவியைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் நீங்க போய்ட்டு வாங்க. போற வழியில பெட்ரோல் போட்டுக்கோங்க. பெட்ரோல். ஞாபகமிருக்கட்டும்."

இரண்டு தடவை சொன்னாள். அந்த இரண்டு தடவையும் இப்போது அவர் காதில் ஒலித்தன.

பங்க்கில் நடந்ததை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வண்டி வீட்டிலிருந்தே இருமிக்கொண்டு வந்தது ஞாபகம் இருந்தது. அது எப்போதும் இருமும். நான்கெழுத்து 'நிம்மதி'க்கு ஒரு குறிப்பு தேடிக்கொண்டிருந்ததும், 'வீடு முழுக்கத் தேடினாலும் அகப்படாது' என்று வைக்கலாமா என்று யோசித்ததும் நன்றாக ஞாபகம் இருந்தன. என்ன போடச் சொன்னோம் என்பது மட்டும் கட்டத்தில் கறுப்பு அடித்ததுபோல் இருண்டு கிடந்தது.

ஞாபகம் வந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அந்த வீட்டில் ஏதாவது தவறு நடந்தால் யார் செய்தது என்று கேட்கும் வழக்கம் கிடையாது. எப்படிச் செய்தார் என்றுதான் கேட்பார்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளோடு சிவப்புத் துண்டைப் போட்டு, ஆஸ்பத்திரி முழுவதையும் கொஞ்ச நாள் இளஞ்சிவப்பாக நடமாட விட்டவர் அவர்தான். புதிரைத் தலையணை உறைக்குள் வைத்து ஆஸ்பத்திரிக்கும், சலவைச் சீட்டைப் பத்திரிகைக்கும் அனுப்பியவரும் அவர்தான். பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டது. சில வாசகர்கள் விடைகூட எழுதி அனுப்பியிருந்தார்கள்.

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்லை சார். டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டரைக் கழுவி, ப்ளக்கைத் துடைச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

விஷயம் அதோடு முடிந்திருக்கும். போன் அடித்தது.

"என்னங்க, துணி இன்னும் வரலைன்னு ஆஸ்பத்திரியில கேக்கிறாங்க." மனைவியின் குரல் வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக இருந்தது.

"வண்டி நின்னுடுச்சு."

"ஓ. மெக்கானிக் வந்தாரா? என்ன சொல்றாரு?"

"டேங்க்ல டீசல் இருக்காம்."

எதிர்முனையில் சத்தம் இல்லை. அந்த மௌனம் புதிர்க்காரருக்குப் பழக்கமானது. அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் பழக்கமானது. இளஞ்சிவப்புக் கோட்டு, சலவைச் சீட்டு எல்லாம் தேதிவாரியாக வரும். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாய் தானாகப் பேசியது.

"நான் வேணும்னேதான் போட்டேன்."

"வேணும்னேவா?"

"ஆமா. வண்டியை டீசலுக்கு மாத்திடலாம்னு. நீதான் எப்பவும் சொல்வியே, ஊர்ல இருக்கிற லாரியெல்லாம் டீசல்ல ஓடுது, நம்ம வண்டி மட்டும் பெட்ரோலைக் குடிச்சே நம்மளை அழிக்குதுன்னு."

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நல்ல காரியம் பண்ணினீங்க," என்றாள் மனைவி.

புதிர்க்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து, சரியான எண்தானா என்று பார்த்தார். சரியான எண்தான். அந்த வாக்கியத்தை அவள் வாயால் அவர் கேட்டிருக்கிறார்; தன்னைப் பார்த்துச் சொல்லிக் கேட்டதில்லை.

"மாத்துங்க. நல்லாவே மாத்துங்க," என்று அவள் தொடர்ந்தாள். "யாராவது கேட்டா, நாமதான் வேணும்னே டீசல் போட்டோம்னு சொல்லிடலாம். என்ன?"

'நாம' என்றாளே! புதிர்க்காரர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

துணியை வாடகை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி மெக்கானிக்கின் ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். போன் பேச்சை மெக்கானிக் முழுவதும் கேட்டிருந்தார்.

"சார், டீசலை ஊத்தினா வண்டி டீசல் வண்டி ஆயிடாது," என்றார்.

"தெரியுது. என்னென்ன மாத்தணும்?"

"பெட்ரோல் இன்ஜின்ல ப்ளக்கு நெருப்புக் கொடுக்கும். டீசல்ல ப்ளக்கே கிடையாது. காத்தைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கி, அந்தச் சூட்டுல டீசல் தானா பத்திக்கும். அந்த அமுக்கத்தை இந்த இன்ஜின் தாங்காது, வெடிச்சிடும். அதனால இன்ஜினை மாத்தணும். டீசல் பம்ப்பு வேணும். டீசலைப் பீச்சி அடிக்கிற நாசில் வேணும். பைப்பு வேற, பில்டர் வேற, பேட்டரி வேற."

"பழசுல எது அப்படியே இருக்கும்?"

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நம்பர் பிளேட்டு," என்றார்.

புதிர்க்காரர் ஒரு டயர்மேல் உட்கார்ந்து யோசித்தார். யோசிப்பதுதான் அவர் தொழில். கொஞ்ச நேரத்தில் விடை கிடைத்துவிட்டது.

"நீங்க முதல்ல சொன்னபடியே டேங்கைக் காலி பண்ணிக் கழுவிடுங்க. வண்டி பெட்ரோல்லயே ஓடட்டும். டேங்க் மூடிமேல மட்டும் 'டீசல்'னு பெருசா பெயின்ட் அடிச்சுடுங்க."

"வண்டி பெட்ரோலு, பேரு டீசலு?"

"அவ மூடியைத்தானே பார்ப்பா. உள்ளயா எட்டிப் பார்க்கப் போறா?"

"பண்ணிடலாம் சார்," என்றார் மெக்கானிக். அவர் அகராதியில் அந்த இரண்டு சொற்கள்தான் இருந்தன. ஆனால் சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

வண்டி மஞ்சள் எழுத்தோடு வீடு திரும்பியது. மனைவி மூடியைத் தொட்டுப் பார்த்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். "சத்தம்கூடக் கம்மியா இருக்கிற மாதிரி இருக்கே," என்றாள். புதிர்க்காரர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு அவர் வாழ்க்கையில் ஒரு பொற்காலம் தொடங்கியது. மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "டீசலுக்கு மாத்தினது இவரோட யோசனைதான், இவரேதான் டீசலைப் போட்டாரு," என்று சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். தெருவில் அவரைப் பார்த்து எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். மாவு மில்காரர் தன்னுடைய வேனை வாசலுக்கே கொண்டுவந்து, "நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொன்னா தேவலை," என்றார். புதிர்க்காரர் பார்த்தார். "ம்," என்றார். மில்காரர் மனநிறைவோடு போனார்.

பழைய பங்க் பக்கம் தலைகாட்ட அவருக்கு வெட்கமாக இருந்தது. வேறொரு பங்க்கிலிருந்து கேனில் பெட்ரோல் வாங்கி, யாரும் பார்க்காதபோது தானே டேங்கில் ஊற்றினார். இப்படியே ஆயுள் முழுவதும் ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

டிரைவருக்கு வயிற்றுவலி குணமாயிற்று.

டிரைவர் சொன்னதைச் செய்கிறவர். எழுதியிருந்தால் இன்னும் ஒழுங்காகச் செய்கிறவர். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பங்க்கில் நிறுத்தி, டேங்க் மூடியைப் படித்து, வழிய வழிய டீசல் போட்டுக்கொண்டு கிளம்பினார். வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போய், அவசரச் சிகிச்சை நுழைவாயிலில் குறுக்காக நின்றது. பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. கால் ஒடிந்த ஒருவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, வண்டியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று யோசனை சொன்னார்.

புதிர்க்காரரும் மனைவியும் ஓடி வந்தார்கள். மெக்கானிக்கும் வந்தார்.

"எழுதியிருந்ததைத்தான் சார் போட்டேன்," என்றார் டிரைவர்.

புதிர்க்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தார். அவள் வண்டியைப் பார்த்து, மெக்கானிக்கைப் பார்த்து, கடைசியில் தன் புடவைத் தலைப்பால் இவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"புதுசா மாத்தினா முதல்ல இப்படித்தான் மக்கர் பண்ணும். மெக்கானிக், நீங்க அரைகுறையா விட்டுட்டீங்கபோல. முழுசா மாத்துங்க."

"பேசாம திரும்பப் பெட்ரோலுக்கே..." என்று ஆரம்பித்தார் புதிர்க்காரர்.

"கூடவே கூடாது," என்றாள் மனைவி. இத்தனை அவசரமாக அவள் எதையும் மறுத்ததில்லை. "பெட்ரோலுக்குத் திரும்பினா, அப்புறம் டீசல் எதுக்குப் போட்டீங்கன்னு நாலு பேர் கேப்பாங்க."

நியாயமாகத்தான் பட்டது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, உண்மையைச் சொல்லிவிடுவது என்று புதிர்க்காரர் முடிவு செய்தார். இரண்டு கவளம் விழுங்கிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"இங்க பாரு, அன்னைக்கு டேங்க்ல இருந்த அந்த டீசல்..."

"அந்தப் பேச்சே வேண்டாங்க," என்றாள் மனைவி, தலையை நிமிர்த்தாமல். தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "முடிஞ்சது முடிஞ்சதுதான். சாப்பிடுங்க."

முட்டை தொண்டையில் இறங்கவில்லை. திட்டியிருந்தால் இறங்கியிருக்கும். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இனிப் பரிகாரம் ஒன்றுதான். வண்டியை நிஜமாகவே டீசலுக்கு மாற்றிவிட வேண்டும்.

"பண்ணிடலாம் சார்!" என்றார் மெக்கானிக். வாடிய முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா?"

"இல்லை சார். ரொம்ப நாள் ஆசை."

இன்ஜினுக்கு மனைவியின் அண்ணன் வழி சொன்னார். அவர் பழைய இரும்பு வியாபாரி. எதைப் பற்றிக் கேட்டாலும், "நம்மகிட்டயே ஒண்ணு கிடக்கு," என்பவர்.

"நம்மகிட்டயே ஒண்ணு கிடக்கு மாப்ள. மூடிப்போன சினிமா கொட்டகை ஜெனரேட்டர்ல இருந்தது. ஒரிஜினல் டீசல். ஒரு டிரம் டீசலும் சேர்த்தே தர்றேன். கரண்ட் போனப்பல்லாம் படத்தைத் தாங்கிப் பிடிச்ச இன்ஜின் இது."

"ஜெனரேட்டர் இன்ஜின் வண்டியில ஓடுமா மச்சான்?"

"இன்ஜினுக்கு எங்க இருக்கோம்னு தெரியவா போகுது?"

ஆனால் இன்ஜினுக்குத் தெரிந்திருந்தது. வாழ்நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்று ஓடிய அது, இடம்விட்டு இடம் போகிற யோசனையை முதலிலிருந்தே எதிர்த்தது. பழைய இன்ஜின் இருந்த இடத்தில் அது உட்காரவில்லை. மெக்கானிக் வெல்டிங் வைத்து இடத்தை அகலமாக்கினார். உட்கார்ந்தது, ஆனால் பானெட் மூடவில்லை. பானெட்டில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டினார். இன்ஜினின் தலை அதன் வழியாக வெளியே வந்து ஊரை வேடிக்கை பார்த்தது. பாரம் தாங்காமல் வண்டியின் முன்பக்கம் தரையைத் தொட்டது. சமப்படுத்தப் பின்னால் மணல் மூட்டை அடுக்கினார்கள். மணல் மூட்டை போக மிச்ச இடத்தில் துணி பாதிதான் ஏறியது.

"ரெண்டு நடை அடிச்சுக்கலாம் சார்," என்றார் மெக்கானிக்.

இன்ஜினைக் கிளப்ப இருபத்து நாலு வோல்ட் பேட்டரி தேவைப்பட்டது. வண்டியில் மற்றதெல்லாம் பன்னிரண்டு வோல்ட். மெக்கானிக் எல்லாவற்றையும் ஒரே வயரில் கொடுத்துவிட்டார். முன்விளக்கு ஒரு கணம் சூரியனைப்போல் எரிந்து, பிறகு எரியவே இல்லை. வைப்பர் யாரும் கேட்காமலே பைத்தியம் பிடித்ததுபோல் அடித்துக்கொண்டு, ஒரு பக்கம் கழன்று பறந்து, அடுத்த வீட்டு மாடியில் விழுந்தது.

"அது என்ன, என் சீட்டுக்குக் கீழே கேன்?" என்று கேட்டார் புதிர்க்காரர்.

"போற டீசல்ல தேவையானதை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை இன்ஜின் திருப்பி அனுப்பும் சார். அது டேங்குக்குப் போக பைப்பு போட மறந்துட்டேன். இப்போதைக்கு அந்தக் கேன்ல வரும். ரொம்பினா எடுத்து டேங்க்ல ஊத்திக்கோங்க."

"வண்டியை எப்படி நிறுத்துறது?"

"சாவியைத் திருப்பினா நிக்காது. இந்தக் கயித்தை இழுக்கணும்."

"வேகம்?"

மெக்கானிக் கொஞ்சம் தயங்கினார். "அது வேகம்னு ஒண்ணைப் பார்த்ததே இல்லை சார். ஒரே சீரா ஓடித்தான் பழக்கம். நானும் திருகிப் பார்த்தேன். போகும், இல்லைன்னா நிக்கும். நடுவுல ஒண்ணும் கிடையாது."

முதல் ஓட்டத்துக்குத் தெருவே கூடியது. இன்ஜின் கிளம்பியதும் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் சேர்ந்து பாடின. பக்கவாட்டுக் கண்ணாடி தானாகத் திரும்பி டிரைவரைப் பார்த்தது. டிரைவர் தானாகத் திரும்பி வீட்டைப் பார்த்தார்.

"எனக்குத் திரும்ப வயிறு வலிக்குது சார்," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்தான், அதன்பிறகு அந்தத் தெருவிலேயே அவரைக் காணோம்.

ஆகவே புதிர்க்காரரே தினமும் வண்டியை ஓட்டினார். ஓட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வண்டி போயிற்று, அவர் கூடப் போனார். வீடு திரும்பிப் புதிர் எழுத உட்கார்ந்தால் கை ஆட்டம் நிற்காது. கட்டங்கள் நெளிந்து நெளிந்து போயின. பத்திரிகை ஆசிரியர் அதைப் புது உத்தி என்று பாராட்டினார்.

உண்மையான கஷ்டம் புகையில் வந்தது. இன்ஜின் கறுப்பாக, கெட்டியாக, மனப்பூர்வமாகப் புகை விட்டது. குழாய் வண்டிக்கு அடியில் இருந்தவரை புகை துணிக்குள் போனது. வெள்ளையாக ஏறிய விரிப்பு சாம்பல் நிறத்தில் இறங்கியது. மெக்கானிக் குழாயைக் கூரைக்கு மேலே தூக்கிவிட்டார். இப்போது புகை ஆகாயத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் யோசித்து, சலவைக்கூடத்தின் கொடிகளில் உலர்ந்துகொண்டிருந்த துணிமேல் கரியாக இறங்கியது. எதிர் வீட்டு வெள்ளைப் பூனை சாம்பல் பூனையாயிற்று. சொந்தக்காரர்களே அதை வேற்றுப் பூனை என்று நினைத்து விரட்டினார்கள்.

துவைத்ததையே திரும்பத் துவைத்தாள் மனைவி. கை தோல் உரிந்திருந்தது. முகம் வாடியிருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. புதிர்க்காரர் எதிரே வந்தால் மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். 'எவ்வளவு வேதனையை அடக்கிக்கொண்டிருக்கிறாள்' என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேரையும் வரச் சொல்லி ஆள் வந்தது. இருவரும் வண்டியிலேயே போனார்கள். துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒரு விரிப்பை எடுத்து மூக்கில் வைத்துக் காட்டினார்.

"நேத்து ஒரு நோயாளி கேக்கிறார், எனக்கு ஆபரேஷன் இங்கயா, இல்லை ஒர்க் ஷாப்லயான்னு. நான் என்ன பதில் சொல்ல?"

மனைவி அந்த விரிப்பை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷப் பழக்கத்துக்காக இந்தத் தடவை விடறேன். ஆனா அந்த வண்டி இனிமே எங்க கேட்டுக்குள்ள வரக்கூடாது. வண்டி வந்தா ஜன்னல் ஆடுது, இதய நோய் வார்டுல எல்லாரும் எழுந்து உட்கார்ந்துடறாங்க. தெருமுனையில நிறுத்திட்டு, துணியைத் தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டு வாங்க. ஒரு கறை, ஒரு வாசனை இருந்தாலும் வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

பிழைப்பு தப்பியது. மானம் தெருமுனையில் நின்றது.

திரும்பி வரும் வழியில் புதிர்க்காரருக்குத் தாங்கவில்லை. இனியும் சொல்லாவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றிவிட்டது. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டினார். வேண்டுமென்றே போடவில்லை, ஞாபக மறதியில் போட்டது, பயத்தில் பொய் சொன்னது, மஞ்சள் பெயின்ட், கேன் பெட்ரோல், ஒன்றையும் விடவில்லை. இன்ஜின் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தார்.

மனைவியும் பேசிக்கொண்டிருந்தாள். எப்போது ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. உதடுகள் வேகவேகமாக அசைந்தன. கையை ஆட்டினாள். ஒரு தடவை நெற்றியில் அடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்கூட நின்றது.

கடைசியில் திட்டுகிறாள்! புதிர்க்காரருக்கு உடம்பே லேசாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டினார். அவளும் இவரைப் பார்த்துத் தலையாட்டினாள். இருவருக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அண்ணன் கொடுத்த டிரம் டீசல் அன்று காலையோடு தீர்ந்திருந்தது. வீட்டருகே உள்ள பழைய பங்க்கில் வண்டியைத் திருப்பிக் கயிற்றை இழுத்தார். இன்ஜின் உடம்பை இரண்டு உலுக்கு உலுக்கி அடங்கியது. அந்த அமைதி காதில் குத்தியது.

"நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?" என்றாள் மனைவி, மெதுவாக.

"கேட்டுச்சு," என்றார். இத்தனை நேரம் திட்டியவளிடம் கேட்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "நான் சொன்னது?"

"ம். கேட்டுச்சு."

"கோபம் இல்லையே?"

"எனக்கு எதுக்குங்க கோபம்? உங்களுக்குத்தான்..."

"சேச்சே," என்றார் புதிர்க்காரர். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். குழாய் பிடிக்கும் பெண் ஜன்னலருகே வந்தாள்.

"டீசல் போடும்மா. முழுசா."

அவள் குழாயை நோக்கிப் போன கையை நிறுத்தினாள். இவரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"மறுபடியுமா? இது பெட்ரோல் வண்டியாச்சே சார்!"

"இப்போ இல்லை. டீசலுக்கு மாத்திட்டோம்."

"ஐயோ, எதுக்கு?"

இனிப் பொய் சொல்ல அவருக்குக் காரணம் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியவளிடம் சொல்லியாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று. வாய்விட்டுச் சிரித்தார்.

"எல்லாம் என் மறதிதாம்மா. அன்னைக்குக் காலையில இங்க வந்து, ஏதோ நினைப்புல டீசல் போடச் சொல்லிட்டேன்."

"ஏங்க, நேரமாகுது, வேற பங்க்ல போட்டுக்கலாம், கிளம்புங்க," என்றாள் மனைவி, கையை உருவிக்கொண்டு.

"நீங்களா?" என்றாள் அந்தப் பெண், ஆச்சரியம் தாங்காமல். "நீங்க பெட்ரோல்தான் சார் போட்டீங்க, நான்தானே போட்டேன். டீசல் அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் இந்த அம்மா போட்டது. பாதியில பார்த்துட்டு நிறுத்தச் சொன்னாங்க. 'இருங்கம்மா, டேங்கைக் காலி பண்ணித் தர்றோம்'னு நாங்க எவ்வளவோ சொன்னோம். 'வேண்டாம், நாளைக்கு வண்டியை எடுக்கப் போறது எங்க வீட்டுக்காரர்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்களே!"